டெஸ்டோஸ்டிரோன் ஜெல்

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் குறைந்தவர்களுக்குத் தோலில் தடவத் தரப்படும், ஆல்கஹால் கலந்த நிறமற்ற மருந்து. அறிகுறிகள் இருந்து, இரு வேறு நாள்களில் காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அளவு குறைவென்று உறுதியானால் மட்டுமே மருத்துவர் எழுதித் தருவார். வெறும் அசதிக்கான மருந்தன்று. 1935இல் ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1% ஜெல்லுக்கு அமெரிக்கா 2000இல் ஒப்புதல் தந்தது.

முதன்மையான ஆபத்து, மருந்து பிறர்மேல் ஒட்டுவது. குழந்தைகளிடம் காலத்துக்கு முந்திய பருவ அறிகுறிகள் தென்பட்டதால் 2009இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. தாராபுரம் போன்ற வெக்கையான ஊரில் வெற்றுடம்பில் துண்டோடு திண்ணையில் அமர்வதும் பேரனைத் தோளில் தூக்கிக்கொள்வதும் இயல்பு. மருந்து தடவுமிடமும் பெரும்பாலும் அதே தோளும் மேற்கையும்தான். ஆகவே தடவியதும் சோப்புப் போட்டுக் கைகழுவி, ஜெல் காய்ந்தபின் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். காயும்வரை அடுப்பு, பீடி அருகே கூடாது, எளிதில் தீப்பற்றும். அமராவதி ஆற்றுக் குளியலை மருந்தின் வகைக்கேற்ப 2 முதல் 5 மணிநேரம் தள்ளிவைக்க வேண்டும்.

விந்தணு உற்பத்தியைக் குறைப்பதால் குழந்தைக்கு முயல்வோருக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கித் தடவுவோர் பலரும் அறியாதது இதுவே. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் உள்ளோருக்கும் விலக்கு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட் 54%ஐத் தாண்டினால் மருந்து நிறுத்தப்படும்.