காணாமற் போன பிள்ளை



மலையாளத்தின் முதற் திரைப்படக் கதையிலே நமது இலங்கைத் தோட்டமொன்று வருகிறது என்பதை நம்மிற் பலர் அறியார். படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. 'விகத' என்னும் வடசொல்லுக்கு நீங்கிய, இழந்த என்பது பொருள். காணாமற் போன பிள்ளை என நாம் தமிழிற் சொல்லலாம். அதனை எடுத்தவர் ஜே. சி. டானியல். அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துள் இருந்தது.

ஊமைப்படக் காலத்திலே படம் எடுத்தோர் பெரும்பாலும் புராண இதிகாசங்களையே நாடினர். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த முதற் படமும் பாரதக் கதையான 'கீசக வதம்' தான். தெரிந்த கதையென்றால் சனங்கள் வருவார்கள். போட்ட முதல் திரும்பும். டானியலோ குடும்பக் கதையொன்றைத் தாமே எழுதினார். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்திலே 'திருவிதாங்கூர் நஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்ரூடியோவை அமைத்தார். நெறியாள்கை அவரே, கமராவுக்குப் பின்னால் நின்றவரும் அவரே, கதாநாயகனும் அவரே. சிறுவனாகத் தம் மகனையே நடிக்க வைத்தார்.

கதை இதுதான். திருவிதாங்கூரிற் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையொன்று கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்படுகிறது. தோட்டத்திலே கூலியாகி, வெள்ளைத் துரையின் அபிமானத்தைப் பெற்று, அதிகாரியாகவே உயர்கிறது. ஈற்றில் முதுகிலிருந்த தழும்பு இன்னாரென்று காட்டிக் கொடுக்கிறது. நம் மலையக மக்களின் வரலாறு இத்தனை சுகமாக முடியவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. ஆயினும், கடல் கடந்து தோட்டத்துக்குப் போன பிள்ளையைத் தேடும் தவிப்பு அன்றைய தென்னாட்டிலே பல வீடுகளில் இருந்தது. டானியல் அதனைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதனாலேயே அவர் நமக்கும் உரியவர் என்பேன்.

படம் திருவனந்தபுரம் கப்பிட்டல் அரங்கிலே காட்டப்பட்டது. அது 1928 இல் என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். 1930 ஒக்டோபர் என்பது பிந்திய ஆய்வாளர் முடிபு. நாயகியாக, நாயர் குலப் பெண்ணாக, நடித்தவர் பி. கே. றோசி. காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகிய தலித் பெண். அதைச் சாதிமான்கள் பொறுக்கவில்லை. நாயகன் அவரது கூந்தற் பூவை முகரும் காட்சியிலே திரைமீது கற்கள் வீழ்ந்தன. றோசியின் குடிசை எரிக்கப்பட்டது. ஊரைவிட்டோடிய அவர், இராஜம்மாள் என்ற பெயரோடு தமிழ்நாட்டிலே வாழ்ந்து மறைந்தார். பின்னர் ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை.

டானியலும் கடனில் மூழ்கி, ஸ்ரூடியோவை மூடிப் பல் வைத்தியராகப் பிழைத்தார். படச்சுருளும் எஞ்சவில்லை. 1956 இல் மாநில எல்லைகள் மாறியபோது அவரது ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முதுமையிலே நலிந்த கலைஞருக்கான உதவிப்பணம் கேட்டபோது, அவர் தமிழ்நாட்டவர் என்று கேரளம் கைவிரித்தது. 1975 இல் அகத்தீஸ்வரத்திலே காலமானார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாது எழுதியதால் அவர் பெயர் மீண்டது. 1992 இல் கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரையே சூட்டியது. 2013 இல் 'செல்லுலோயிட்' என்ற படம் அவர் கதையைச் சொன்னது.

படம் சரியில்லாமல் அவர் தோற்கவில்லை. நாயகியின் சாதியை அரங்கு பொறுக்காததே காரணம். தயாரிப்பாளர் இழந்தது பணம். காலம் கடந்தேனும் அவருக்குப் பெயர் கிடைத்தது. றோசி இழந்ததோ பெயரையும் ஊரையும் கலையையும். கதையிலே காணாமற் போன பிள்ளைக்குத் தழும்பு துணைநின்றது. றோசிக்கோ அத்தகைய துணை வாய்க்கவில்லை. டானியலை நினைக்கும்போது றோசியையும் சேர்த்தே நினைப்போம், நேயர்களே.