மூடுபனியில் ஒரு காற்றாலை

பீட்டர் ஹென்றி எமர்சன் 1856இல் கியூபாவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், சண்டைக்காரர். இங்கிலாந்தின் கிழக்கோரத்து நார்ஃபோக் ஏரிப் பிரதேசத்தைப் பற்றி, ஓவியர் குடாலுடன் சேர்ந்து 1886இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 40 பிளாட்டினப் பிரதிகள் இருந்தன.

அந்த நிலம் தட்டை. நாணல், கால்வாய், சதுப்பு. இடையே நெட்டுக்குத்தாக எழுந்து நிற்பது காற்றாலை. மாவரைக்கிற ஆலையல்ல, பெரும்பாலும் சதுப்பு நீரை இறைத்து ஆற்றில் தள்ளுகிற ஆலை. எமர்சன் அங்கே போய்ச் சேர்ந்த காலத்தில் நீராவி எந்திரம் அதன் பிழைப்பில் கைவைத்தாயிற்று.

இதைப் படம் பிடிப்பதில் மூன்று சிக்கல்கள். அன்றைய தகடு நீல ஒளிக்கு அளவுமீறிக் கூசும். நிலம் தெரியுமளவு ஒளி காட்டினால் வானம் வெற்றுத் தாள், வானத்துக்குக் காட்டினால் நிலம் கரி. காற்று வீசினால் சிறகுகள் சுழன்று கலங்கிவிடும். தவிர, ஆலை எப்போதும் காற்றைப் பார்த்தே முகம் திருப்புவதால் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதையும் காற்றுதான் தீர்மானிக்கும்.

முதல் சிக்கலுக்கு லெ க்ரே 1850களில் ஒரு வழி கண்டார்: கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒன்று. ராபின்சன் 1858இல் ஐந்து நெகடிவ்களை இணைத்து ஒரு பெண்ணின் மரணப்படுக்கையையே தயாரித்தார். எமர்சனுக்கு இது மோசடி. கண் காண்கிறபடி, ஒரே தகட்டில், என்று 1889இல் புத்தகமே எழுதினார்.

மோசடியின்றி வழிவிட்டது பனி. மூடுபனியில் வானத்துக்கும் நிலத்துக்கும் ஒளி வித்தியாசம் குறுகிவிடுகிறது. இரண்டும் ஒரே தகட்டில் அடங்கும். தூரத்துப் பொருள் வெளிறுகிறது. நீலத்துக்குக் கூசும் தகடு அந்த வெளிறலை இன்னும் கூட்டிக் காட்டும். இங்கே ஊனமே ஆழமாகிறது. பனி இறங்குகிற காலை பெரும்பாலும் காற்றற்ற காலை. சிறகுகள் நிற்கும், நிதானமாக ஒளி காட்டலாம். ஆலையை நடுவில் நிறுத்தினால் அஞ்சலட்டை. ஓரத்தில் சிறிதாக ஒதுக்கினால் வெளியின் விஸ்தாரம் தெரியும்.

1890இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் ஒளியளவுக்கும் தகடு கறுப்பதற்கும் உள்ள உறவைக் கோடு வரைந்து காட்டினார்கள். ரசாயனக் கிண்ணத்தில் விருப்பம்போல் நிறபேதங்களை மாற்ற முடியாது என்றது அந்தக் கோடு. எமர்சன் இடிந்துபோனார். புகைப்படம் கலையல்ல என்று, தன் கொள்கைக்குத் தானே மரண அறிவிப்பு அச்சிட்டார்.

நேர்மையான காரியம், தர்க்கம் மட்டும் தப்பு. வங்கியில் நாள் முழுக்க எண்களோடு கிடப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கோட்டின்மேல் மரியாதை உண்டு. ஆனால் அது பேசுவது ஒளி தகட்டில் விழுந்த பிற்பாடு நடப்பதைப் பற்றி. எந்தக் காலையில் போவது, ஆலையை எவ்வளவு தூரத்தில் விடுவது, எதைப் பனிக்குள் கரைய விடுவது என்பவை அதற்கு முன்பே முடிந்துவிட்ட காரியங்கள். யதார்த்தம் என்றாலே நகல் என்று நம்மிடையே வாதாடுகிறவர்களும் எமர்சன் விழுந்த இதே பள்ளத்தில்தான் நிற்கிறார்கள்.

மறுத்த பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1895இல் வந்த கடைசித் தொகுப்பில் 16 படங்கள். நீர், பனி, உறைந்த நாணல்; விவரம் அநேகமாக இல்லை. 1886இன் படங்களைவிட இவையே மேல் என்பேன். அதற்குப் பின் 1936இல் சாகும்வரை அவர் வேறு படத்தொகுப்பு வெளியிடவில்லை.