இறந்தோர் பெயரும் பிறந்த நாளும்



பழநிமலைச் சாரலில் தாண்டிக்குடி முதலிய ஊர்களின் அயலில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய கற்றிட்டைகள் பல உள. ஆங்கிலேட் பாதிரியார் நியூட்டன் என்பாரோடு கூடி அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்திட்டைகளிற் பெயரும் இல்லை, நாளும் இல்லை. எழுத்தில்லாத கல் எத்துணைப் பெரிதாயினும் ஊமையே.

அந்நிலை நம் முன்னோர்க்கும் வாராதிருக்க மலையூர்க் குடும்பங்களின் வமிசாவளியைத் தொகுக்கப் புகுந்தோம். அப்பொழுது அன்பர் சிலர், பாட்டனும் பேரனும் ஒரே பெயருடன் ஒரே ஆண்டிற் பிறந்திருத்தல் கண்டு, பாட்டனே மீண்டும் பிறந்தனர் என்றனர். வேறு சிலர் நாள் எண்களைக் கூட்டிப் பலன் உரைத்தனர். இதன் உண்மையை ஈண்டு ஆராய்வாம்.

பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. இம்முறை அரசர்பாலும் உண்டு. விசயாலய சோழன் பரகேசரி. அவன் மகன் ஆதித்தன் இராசகேசரி. அவன் மகன் பராந்தகன் மீண்டும் பரகேசரி. ஆகலின், பரகேசரி என்று மட்டும் பொறித்த கல்வெட்டு எவ்வரசனது எனத் துணிதல் ஆராய்ச்சியாளர்க்கும் அரிதாயிற்று.

இனி, பிரபவ முதலாகிய ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன. அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகள் அமைத்த 1845 விசுவாவசு ஆண்டு. 1905, 1965, 2025 ஆகியனவும் அதுவே. பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டு அமைதல் அருமையன்று. பெயர் வழக்கத்தால் ஒன்றாயிற்று. ஆண்டு சுழற்சியால் ஒன்றாயிற்று. இதில் மறைபொருள் யாது?

இதனை அறியாமையால் நேர்ந்த கேட்டிற்கு என் குடும்பமே சான்று. எங்கள் ஏட்டில் ஒரே பெயரும் ஒரே ஆண்டும் உடைய இருவரை ஒருவரென எழுதிவிட்டனர். இருவர்க்கு இடவேண்டிய பிண்டத்தை ஒருவர்க்கே இட்டு வந்தோம். மூத்தவரின் மனைவியார் பெயரோ அடியோடு மறைந்தது. அவ்வம்மையாரை இன்று எப்பெயர் சொல்லி நினைப்பது?

பிறந்த நாளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. முதியோர் பலர் ஜூன் மாதத்திற் பிறந்தவராகப் பள்ளிப் பதிவேடுகள் காட்டும். அது கிரகத்தின் செயலன்று. என்போன்ற ஆசிரியரின் செயல். பள்ளி திறக்கும் காலத்தே, வலக்கை தலைமேற் சென்று இடச்செவியைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயதென மதித்து, ஒரு நாளை நாங்களே எழுதினோம். பழைய குடிக்கணக்குகளில் 20, 30, 40 என்னும் வயதினர் மிகுந்து தோன்றியதும் மதிப்பாகச் சொன்னமையாலேயே.

எனினும், பெயர்களில் மெய்யாகவே மறைந்துள்ள செய்தி ஒன்று உண்டு. பிச்சை, குப்பன், குப்பாயி என்னும் பெயர்களைக் காணின் சற்றே நின்று வினவுக. முன்பிறந்த மக்கள் இறந்துபட, இப்பிள்ளையேனும் தங்குக எனக் கூற்றுவன் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் பெயரை இட்டனர் பெற்றோர். அப்பெயர்க்குப் பின்னே, ஏட்டில் ஏறாத குழந்தைகள் நிற்றல் கூடும். பழநி, தண்டபாணி என்பனவோ வேண்டுதலால் வந்தனவாகலாம்.

ஆதலின் அன்பர்காள்! ஆண்டின் பெயரோடு நில்லற்க. மாதம், கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் எழுதுக. 1922-ஆம் ஆண்டில் பெரும் பஞ்சாங்கக் கணித நூலை வெளியிட்ட சாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள், இக்குறிப்புகளைக் கொண்டே பாண்டிய மன்னர் காலங்களைக் கணித்தார். ஆங்கில ஆண்டும், தந்தை தாய் மனைவி பெயர்களும், இளமையில் இறந்த மக்கள் பெயர்களும் உடன் சேர்க்க. அறியாத இடத்தை வெற்றிடமாகவே விடுக. இல்லத்து முதிய தாய்மாரிடம் இன்றே கேளுங்கள். அவர் நினைவே நமக்கு எஞ்சிய ஏடு.