நிற்பவரே முள்ளாகும் நிழல் கடிகாரம்

பொதுப் பூங்காக்களில் தரையில் பெரிதாக அமைக்கப்படும் மனித நிழல் கடிகாரத்துக்கு முள் இல்லை; நிற்பவரே முள். வடக்கு தெற்கான மாதக் கோட்டில் அன்றைய நாளுக்குரிய இடத்தில் நின்றால், நீள்வட்டமாக அமைந்த மணிக்குறிகளின் திசையில் நிழல் விழும். பிரான்ஸின் ப்ரூ தேவாலயத்தின் முன்னுள்ள கடிகாரம் இவ்வகையில் புகழ்பெற்றது.

ஓர் அட்சரேகைக்குக் கணித்த அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. சுமார் 10 பாகை வடக்கிலுள்ள கேரளத்தின் வட்டவடையில் அமைத்தால், நீள்வட்டத்தின் அகலம் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே இருக்கும். ஜூனில் நண்பகல் சூரியன் வடவானில் இருப்பதால், நீள்வட்டத்துக்கு வெளியே வடக்கில் நிற்க வேண்டும். நிழல் தெற்கே விழும்.

இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைச் சார்ந்தது. எனவே, மேற்கிலுள்ள வட்டவடையில் நிழல் காட்டும் நேரம் கைக்கடிகாரத்தைவிடச் சராசரியாக 21 நிமிடங்கள் பின்தங்கியிருக்கும்.