துரை பங்களாக் கட்டில்

மாத்தளை நண்பர் ஒருவர் அண்மையில் பழைய கட்டிலொன்றைக் காட்டி, அதன் வயதையும் விலையையும் கேட்டார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், துரை பங்களாவிலிருந்து அவருடைய தந்தையார் வாங்கியதாம்.

வயதை அலங்காரத்தில் தேடலாகாது, அடிப்புறத்தில் தேடவேண்டும். கைவாள் நேர்க்கோடுகளை விட்டுச்செல்லும். வட்டவாள் வளைகோடுகளை விடும். மொட்டைமுனைத் திருகாணி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியது. மரமும் வயது சொல்லும். முதிரை பொன்மஞ்சள், கருங்காலி கறுப்பு. பழுப்பில் கருவரியோடும் கலுமெதிரிய 19ஆம் நூற்றாண்டிலேயே அருகிப்போனது. ஆதலால் அதற்கே விலை அதிகம். பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாக வார்னிஷ் பூசினால் மதிப்புக் குறையும்.

நண்பரின் கட்டில் முதிரை. அடியில் நேர்க்கோடுகள், மொட்டைமுனைத் திருகாணிகள். 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வருவதற்கு முந்திய, கோப்பிக் காலத்துக் கட்டிலாகலாம். அக்காலத்தில் நம்மவர் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர்; பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோருக்குக் கிடைத்தது லயன் அறையும் பாயும்.

“அந்த பங்களாவில் என் பாட்டி வேலை செய்தவர். இந்தக் கட்டிலுக்கு நாளும் விரிப்பு விரித்தார், ஒருநாளும் இதில் படுத்ததில்லை” என்றார் நண்பர்.

நல்ல விலை பெறும் என்றேன். விற்கவேண்டாம் என்றும் சொன்னேன்.