கையேடு எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கடையிலிருந்து ஒரு சலவை இயந்திரம் வீட்டுக்கு வருகிறது. பெட்டியைப் பிரித்ததும் எல்லாருடைய கண்ணும் இயந்திரத்தின் மீதுதான். அதனோடு வந்த சிறு புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்து, சோப்புத் தண்ணீர் வெளியேறாமல் இயந்திரம் பாதியில் நின்று போகும் நாளில்தான் அந்தப் புத்தகத்தை வீடு முழுக்கத் தேடுவார்கள்.

அதை எழுதியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பெயரும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. ஆனால், அது ஒரு தொழில். அதைச் செய்பவருக்குத் தொழில்நுட்ப எழுத்தாளர் என்று பெயர். இயந்திரமானாலும் மருந்தானாலும் கணினி மென்பொருளானாலும், அதைப் பயன்படுத்தும் முறையையும் பராமரிக்கும் முறையையும் தெரியாதவருக்குத் தெரியும்படி எழுதித் தருவது அவருடைய வேலை.

எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளையைப் பார்த்து, "எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். இப்படி ஒரு தொழில் இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டுமா, மொழி படித்திருக்க வேண்டுமா? எந்த வாசல் வழியாக உள்ளே நுழைவது?

வரலாறு இதற்குத் தரும் விடை சற்று வியப்பானது. இத்துறையில் நினைவில் நிற்கும் முன்னோடிகள் பலர் வேறு ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள். ஒருவர் கவிஞர், ஒருவர் மருத்துவர், ஒருவர் கருவியைப் பராமரித்தவர், ஒருவர் சித்திரக்கதை வரைந்தவர். தம் முன்னால் நின்ற ஒரு மனிதருக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டிய கட்டாயம்தான் அவர்களை இந்த எழுத்துக்குள் இழுத்து வந்தது.

பத்து வயது மகனுக்காக

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படுபவர் ஜெஃப்ரி சாசர். லண்டன் துறைமுகத்தில் கம்பளிக்கான சுங்க அதிகாரியாகப் பணியாற்றியவர். அவர் 1391ஆம் ஆண்டில் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கருவியைப் பற்றி எழுத உட்கார்ந்தார். அக்கருவியின் பெயர் அஸ்ட்ரோலேப். சூரியனும் விண்மீன்களும் வானில் நிற்கும் உயரத்தை அளந்து நேரத்தைக் கணக்கிட உதவும் வட்ட வடிவ உலோகக் கருவி அது.

சாசர் எழுதியது தம் பத்து வயது மகன் லூயிஸுக்காக. அக்காலத்தில் இத்தகைய கல்வி பெரும்பாலும் லத்தீன் மொழியில் இருந்தது. சிறுவனுக்கோ லத்தீன் அதிகம் தெரியாது. ஆகவே, எளிய ஆங்கிலத்திலேயே எழுதுவதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். சொன்னதையே சில இடங்களில் திரும்பச் சொல்வதற்கும் காரணம் தருகிறார். ஒரு குழந்தை நல்ல செய்தியை ஒருமுறை படித்து மறப்பதைவிட இருமுறை படிப்பது மேல் என்பது அவர் கருத்து.

ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்ட அந்நூல் முற்றுப் பெறவில்லை. ஆயினும், ஆங்கிலத்தில் எழுந்த தொழில்நுட்பக் கையேடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. எந்த மொழியில், எவ்வளவு, எத்தனை முறை சொல்வது என்பதையெல்லாம் அதில் முடிவு செய்தது ஒரு சிறுவனின் தேவை.

மானிப்பாயில் ஒரு மருத்துவர்

சாசருக்கு மகன் எப்படியோ, அப்படித்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனுக்கு மாணவர்கள் அமைந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டில் பிறந்த இவர், மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்க மிஷன் சார்பில் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் பயின்றார்கள்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால், கிறீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் வேறிடங்களில் வேலை தேடிப் போகும் நாட்டம் கொண்டிருந்தார்கள். கிராமத்து நோயாளிக்கு மருத்துவம் கிடைக்க வேண்டுமானால் மருத்துவன் கிராமத்தில் இருக்க வேண்டும். அதற்கு அவன் மக்கள் மொழியிலேயே கற்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தமிழைக் கற்றார். தமிழிலேயே கற்பிக்கலானார்.

கற்பிக்கலாம், பாடநூலுக்கு எங்கே போவது? அங்கேதான் மருத்துவர் எழுத்தாளராக மாறினார். தம் மாணவர்களின் துணையோடு உடற்கூறு, அறுவை மருத்துவம், பேறுகால மருத்துவம், உடலியங்கியல் என ஒவ்வொரு துறை நூலாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்று அவை அச்சேறின. 1873ஆம் ஆண்டில் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவருடைய தமிழ்ப் பணி நிற்கவில்லை. வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது.

‘கெமிஸ்தம்’ என்ற அந்த ஒரு சொல்லே அவர் பட்ட பாட்டைச் சொல்லும். தமிழிலோ வடமொழியிலோ ஏற்ற சொல் இருந்தால் எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் அயல்மொழிச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. அவர் தேர்ந்த சொற்களில் சில இன்று வழக்கில் இல்லை. ஆனால், படிப்பவனை நினைத்து ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் இன்றைய தொழில்நுட்ப எழுத்தாளருக்கும் முதல் பாடமாகவே இருக்கிறது. கிறீன் 1884ஆம் ஆண்டில் காலமானார். மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.

கணினியோடு பிறந்த கையேடு

தொழில்நுட்ப எழுத்து தனித் தொழிலாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில். டி.ஏ.ரிக்கார்ட் என்ற சுரங்கப் பொறியாளர் 1908ஆம் ஆண்டில் இத்தகைய எழுத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். டஃப்ட்ஸ் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த சாமுவேல் எர்ல் 1911ஆம் ஆண்டில் ஒரு பாடநூல் எழுதினார். அவை பொறியாளர்கள் ஒழுங்காக எழுதக் கற்பதற்கான நூல்கள். எழுதுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆள்கள் பெருமளவில் தேவைப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போதுதான். போர் விமானம், ரேடார் கருவி, கணிப்பு இயந்திரம் எனப் புதிய பொறிகள் வந்து குவிந்தன. அவற்றைத் தொட்டும் பார்த்திராத கைகளில் அவை ஒப்படைக்கப்பட்டன.

அந்தச் சூழலில் உருவானவர் ஜோசப் சாப்லின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், கணிதச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு பெரிய எந்திரக் கருவியைப் பராமரிப்பது அவருடைய வேலை. மின்னணுக் கணினி அமைக்கலாம் என்று ஜான் மாக்லி எழுதி வைத்திருந்த யோசனையை இராணுவ அதிகாரி ஹெர்மன் கோல்ட்ஸ்டைனின் காதில் போட்டவர் இவர்தான் என்று கணினி வரலாறு சொல்கிறது. அதிலிருந்தே புகழ்பெற்ற எனியாக் கணினி பிறந்தது.

பின்னர் மாக்லியும் பிரெஸ்பர் எக்கெர்ட்டும் சொந்த நிறுவனம் தொடங்கி, நார்த்ரோப் விமான நிறுவனத்துக்காகப் பைனாக் என்ற கணினியைச் செய்தார்கள். அந்நிறுவனத்தில் எழுத்துப் பணியை ஏற்ற சாப்லின், 1949ஆம் ஆண்டில் அக்கணினியை இயக்கவும் பராமரிக்கவும் ஒரு கையேடு தயாரித்தார். கணினிக்கென எழுதப்பட்ட முதல் பயனர் கையேடு என்று அது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

அந்தக் கணினியின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பாதுகாப்புக் காரணம் காட்டி, செய்தவர்களை அதன் அருகில் வரவிடாமல் வாங்கியவர்கள் தடுத்துவிட்டார்கள். புதிதாகப் படித்து முடித்த ஒரு பொறியாளரை வைத்தே அதை மீண்டும் பூட்டினார்கள். இயந்திரம் சரிவர ஓடவில்லை. அனுப்பும்போது ஒழுங்காகக் கட்டவில்லை என்றது வாங்கிய தரப்பு. பூட்டியது தவறு என்றது செய்த தரப்பு. எது எப்படியாயினும், செய்தவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவருடைய இடத்தில் நின்று பேச வேண்டியது எழுத்துதான் என்பதை அச்சம்பவம் காட்டியது.

சாப்லின் பிறகு இத்தகைய எழுத்தைக் கற்பிக்கவும் செய்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இசைக்கலைஞராகவும் விளங்கினார். கருவியறிவும் கலையுணர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன.

துப்பாக்கியும் சித்திரக்கதையும்

தெளிவில்லாத கையேட்டால் சலவை இயந்திரம் நின்றால் துணி மட்டும்தான் நனைந்து கிடக்கும். போர்க்களத்தில் அப்படியல்ல. அதை உணர்ந்தவர் வில் ஐஸ்னர்.

நியூயார்க்கில் 1917ஆம் ஆண்டில் பிறந்த ஐஸ்னர், செய்தித்தாள்களில் வெளிவந்த ‘ஸ்பிரிட்’ என்ற சித்திரக்கதையால் பெயர் பெற்றிருந்தார். 1942ஆம் ஆண்டில் இராணுவம் அவரைச் சேவைக்கு அழைத்துக்கொண்டது. வாகனங்களும் கருவிகளும் பராமரிப்பு இல்லாமல் பழுதாகிக்கொண்டிருந்த காலம் அது. கையேடுகள் இருந்தன. ஆனால், பள்ளிப் படிப்பை முடிக்காத இளம் சிப்பாய்க்கு அவற்றின் நடை எட்டவில்லை. ஐஸ்னர் படங்களைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் தப்பாகச் செய்து மாட்டிக்கொள்ளும் ஜோ டோப் என்ற சிப்பாயைப் படைத்தார். அயற்பொருள்களை அகற்றுக என்று கையேடு சொல்லும் இடத்தில், அழுக்கைத் துடைத்து எடு என்று சிப்பாயின் பேச்சிலேயே சொன்னார்.

கொரியப் போரின்போது, 1951ஆம் ஆண்டில், இராணுவம் ‘பிஎஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கியது. கடிதத்தின் முடிவில் சேர்க்கும் பின்குறிப்பைப் போல, கையேடுகளுக்குப் பின்குறிப்பாக அமைவது என்பது அப்பெயரின் பொருள். 1971ஆம் ஆண்டு வரை ஐஸ்னர் அதற்குப் பணியாற்றினார்.

அதற்கிடையில் வியட்நாம் போர் வந்தது. புதிய எம்16 துப்பாக்கி அவசரமாகக் களத்துக்குப் போனது. அதைத் துடைக்க வேண்டிய தேவையே இல்லை என்ற எண்ணம் சிப்பாய்களிடையே பரவியிருந்தது. துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. சண்டையின் நடுவே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. செயலற்ற துப்பாக்கியோடு மாண்டு கிடந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் அமெரிக்க மக்களை உலுக்கின. 1967ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. வெடிமருந்து மாற்றம் உட்படப் பல குறைகள் வெளிவந்தன.

துப்பாக்கியின் உட்பகுதி திருத்தப்பட்டது. துடைக்கும் கருவிகள் வழங்கப்பட்டன. பயிற்சி கூட்டப்பட்டது. அவற்றோடு, துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டும் முறையைப் படம்படமாகச் சொல்லும் ஒரு சிறு கையேடும் வந்தது. அதை வரைந்து தந்தவர் ஐஸ்னர். துப்பாக்கியை ஒரு பெண்ணாக உருவகித்த அதன் போக்கு இன்று முகஞ்சுளிக்க வைக்கும். ஆனால், பத்தொன்பது வயதுச் சிப்பாய் அதைத் தூக்கிப் போடாமல் படித்தான் என்பதுதான் முக்கியம். ஒரு துப்பாக்கி எப்படிப் பழுதாகும் என்பது பொறியாளருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிப்பாய் எதைப் படிப்பான் என்பது ஐஸ்னருக்குத் தெரிந்திருந்தது.

தொழிலானது எப்போது?

இப்படி வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒன்றுசேர்ந்தது 1950ஆம் ஆண்டுகளில். 1953ஆம் ஆண்டில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தொழில்நுட்ப எழுத்தாளர் சங்கங்கள் தோன்றின. பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டம் வகுக்கத் தொடங்கின. அச்சங்கங்கள் 1957ஆம் ஆண்டில் இணைந்தன. 1971ஆம் ஆண்டில் தொழில்நுட்பத் தகவல் தொடர்புச் சங்கம் என்ற பெயரைப் பெற்றன. பல தலைமுறைகளுக்கு வழிகாட்டிய அச்சங்கம், பணநெருக்கடியால் 2025ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

சங்கம் போனதோடு தொழிலும் போய்விடுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்டால் நொடிப்பொழுதில் ஒரு கையேட்டின் வரைவை எழுதித் தருகிறது. வாக்கியம் அமைப்பது மட்டுமே வேலை என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது கவலைக்குரிய காலம்தான். ஆனால், மானிப்பாய் மாணவன் எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறான் என்பதை அவன் பக்கத்தில் இருந்த ஒருவர்தான் கண்டறிந்தார். ஜோ டோப் செய்யும் தவறுகள், சிப்பாய்களோடு பழகிய ஒருவருக்குத்தான் பிடிபட்டன. அந்த வேலை இன்னும் மனிதரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, பொறியியலா, மொழியா என்ற கேள்விக்கு இந்த நால்வரின் வாழ்க்கை ஒரே விடையைத் தருகிறது. எந்தப் படிப்பிலிருந்தும் வரலாம். ஆனால், பொருளையும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தப் போகிறவரையும் அறிந்திருக்க வேண்டும்.

தொடங்க விரும்பும் இளையோருக்குப் பெரிய வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பாட்டிக்குக் கைப்பேசி வழியாக மின்கட்டணம் செலுத்தும் முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம். எழுதியதைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த வரியில் அவருடைய விரல் நிற்கிறதோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். அவர் யாரையும் கூப்பிடாமல் கட்டணத்தைச் செலுத்தி முடிக்கும் நாளில், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஒரு மாதிரிப் பக்கம் கையில் இருக்கும்.