கோட்டக்கல் கோட்டை தரும் படிப்பினை



கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், வடகரைக்கு அருகே, குற்றியாடி ஆறு அரபிக்கடலில் கலக்குமிடத்தில் கோட்டக்கல் என்ற ஊர் உள்ளது. பெயரில் கோட்டை உண்டு; தேடிச் சென்றால் கோட்டை இல்லை. சிறிய அருங்காட்சியகம் ஒன்றும், அதில் சில வாள்களும் பீரங்கிக் குண்டுகளுமே உங்கள் கண்ணில் படும்.

1498இல் வந்த போர்த்துகீசியர், மலபாரின் கடல் வணிகத்தைப் பீரங்கி முனையில் கைப்பற்ற முனைந்தனர். அவர்களை எதிர்த்துக் கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் கடற்படையை நடத்தியவர்களே குஞ்ஞாலி மரைக்காயர்கள். மன்னர் இந்து; தளபதிகள் முஸ்லிம்கள். நம் இராமநாதபுரம் கரையிலுள்ள வேதாளையிலும் 1538இல் அவர்களது படை போரிட்டுத் தோல்வி கண்டது. எனினும் அவர்கள் துவளவில்லை. 1571இல் சாலியத்தில் இருந்த போர்த்துகீசியக் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் மன்னரின் அனுமதியோடு மூன்றாம் குஞ்ஞாலி இந்த ஆற்றுமுகத்தில் கோட்டை எழுப்பினார்.

பகைவரின் பீரங்கியால் மட்டும் இக்கோட்டை விழவில்லை என்பதைச் சிந்தியுங்கள்! நான்காம் குஞ்ஞாலி அரசருக்குரிய பட்டங்களைச் சூடிக்கொண்டார். மன்னர் மனம் கசந்தார். அந்தப் பிளவில் போர்த்துகீசியர் புகுந்தனர். 1599இல் அவர்கள் தொடுத்த தாக்குதல் படுதோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு, கடலில் போர்த்துகீசியரும் கரையில் மன்னரின் படையுமாகக் கோட்டையை முற்றுகையிட்டனர்.

உயிருக்கு ஆபத்தில்லை என்ற மன்னரின் வாக்கை நம்பி, 1600 மார்ச்சில் குஞ்ஞாலி தம் வாளை அவரிடமே ஒப்படைத்தார். அந்த இடத்திலேயே போர்த்துகீசியத் தளபதி ஃபுர்டாடோ அவரைப் பிடித்துக்கொண்டார். வாக்கு மீறப்பட்டதைக் கண்டு மன்னரின் நாயர் வீரர்களே கொந்தளித்தனர். பயனில்லை. கோவாவில் குஞ்ஞாலி கொல்லப்பட்டார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின், 2000இல், இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள கடற்படைத் தளமொன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பர்களே! ஒருவரிடம் பெருமை புகுந்தது. மற்றவரிடம் வாக்குப் பிறழ்ந்தது. இவ்விரண்டும் சேர்ந்து முக்கால் நூற்றாண்டு நட்பைக் குலைத்தன. கொடுத்த வாக்கைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பது நம் மார்க்கம் கற்றுத் தருவது. விடுமுறையில் பிள்ளைகளோடு கோட்டக்கல் செல்லுங்கள். வீரத்தை மட்டுமன்றி, இந்த முறிவையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெருமையிலிருந்தும் வாக்கு மீறுதலிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.